காலைக் கூட்டத்தில் விழுவோர் பற்றி ஓர் ஆய்வு

அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளையாவது மயங்கி விழும். யாரும் விழாத நாளில் ஆசிரியர்களுக்கே ஒருமாதிரி இருக்கும். தலைமையாசிரியர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், பேசிக்கொண்டிருப்பார். மேடைக்கு மேலே கூரை உண்டு, அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் உண்டு. மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு வெயில் உண்டு. ஆளுக்கு ஒன்று கிடைத்துவிட்டதல்லவா, அப்புறம் என்ன குறை?

விழுகிறவர்களில் முதலிடம் பதினொன்றாம் வகுப்பில் படித்த ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் விழுந்தால் சத்தமே வராது, கொடியிலிருந்து துணி நழுவுகிற மாதிரி சரிவார்கள். இவள் விழுந்தால் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அதனால் 'தடால்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளும் அதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. "கூப்பிட்டா யாருன்னு உடனே தெரியுதுல்ல, விடு" என்பாள்.

அவளுடைய உயிர்த்தோழிக்குப் பெயர் 'சந்தேகம்'. "சார், ஒரு சந்தேகம்" என்று சின்ன வகுப்பில் எழுந்து நின்றவள், அன்றைக்கு எழுந்தது எழுந்ததுதான், இன்னும் முழுசாக உட்காரவில்லை. அவள் கை மேலே போனால் ஆசிரியர்களின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். இந்தக் கதை அவள் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அதைச் செய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தார்.

"மாணவச் செல்வங்களே! உலகம் ஆராய்ச்சியால முன்னேறுது. நம்ம பள்ளியும் முன்னேறணும். அதனால பதினொன்றாம் வகுப்புல இருக்கற ஒவ்வொருத்தரும் ஆய்வுக் கட்டுரை எழுதியே ஆகணும். எழுதாதவங்க, எழுதி ஏத்துக்கப்படாதவங்க, அடுத்த வருஷமும் இதே வகுப்புல இருந்து நம்மளை மகிழ்விப்பாங்க. என்னத்தைக் கண்டுபிடிக்கறதுன்னு யாரும் குழம்ப வேண்டாம். அதை ஆய்வுக் குழு பாத்துக்கும். நீங்க ஆராய்ச்சியை மட்டும் பண்ணுங்க, போதும்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நடுவில் 'தடால்' என்று ஒரு சத்தம் கேட்டது. சந்தேகம் ஓடிப்போய்த் தோழியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குத் தலைப்பு கிடைத்தது.

ஆனால் நினைத்தவுடன் ஆராய்ச்சி செய்துவிட முடியுமா? முதலில் குழப்பச் சொற்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைப் போட்டுவிட்டால் பள்ளியின் மானம் கப்பலேறிவிடும் என்பது மொழி ஆசிரியரின் கட்சி. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். மூடி சரியில்லாததால் பைக்கு அடியில் ஒரு சிவப்பு வட்டமும் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாரோ அவரைச் சுட்டுவிட்ட மாதிரி தெரியும். பள்ளி-பல்லி, அரை-அறை, பணி-பனி எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டன. அதற்கப்புறம் அவர் சொந்தச் சரக்கை இறக்கினார்.

"காரணம், சாக்கு. எழுதிக்குங்க. ரெண்டையும் நிறைய பேர் குழப்பிக்கறாங்க. பெரியவங்க சொன்னா அது காரணம். பிள்ளைங்க சொன்னா அது சாக்கு. அடுத்தது, தாமதம், காத்திருப்பு. நீங்க லேட்டா வந்தா அது தாமதம். நான் லேட்டா வந்தா நீங்க செய்யறது காத்திருப்பு. அமைதி, பயம். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால இது தேர்வுக்கு வராது."

சந்தேகம் கையைத் தூக்கினாள். மொழி ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மணியும் அடித்தது.

அதோடு விட்டார்களா? நடைபாதையில், படிக்கட்டில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் என்று எங்கே பார்த்தாலும் ஆசிரியர்கள் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை மடக்கிக் கேட்டார்கள். கழிவறை வாசலில் உடற்பயிற்சி ஆசிரியர் விசிலோடு நின்றார். ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது கையை நீட்டி நிறுத்தி, "அவசரத்துக்கும் அவசியத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். அந்த வித்தியாசத்தை அந்த நேரத்தில் அவனைவிட நன்றாக உணர்ந்த ஜீவன் உலகத்தில் வேறு இருந்திருக்காது. ஆனால் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்த இரண்டு சொல்லையும் எங்கேயும் பயன்படுத்துவதில்லை.

எப்படியோ எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள். ஆராய்ச்சி தொடங்கியது. வகுப்பில் பெரும்பாலானவர்கள் 'நூலகத்தின் நன்மைகள்' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு, நூலகத்தால் நன்மை உண்டு என்று கண்டுபிடித்தார்கள். ஒருத்தன் 'நேரத்தின் அருமை' என்று எடுத்து, அதைச் சமர்ப்பிக்க லேட்டாக வந்தான். விவரமானவர்கள் முடிவைக் குழுவிடம் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டு அப்புறமாக ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். சந்தேகம் ஒருத்திதான் ஆராய்ச்சி என்றால் தெரியாததைத் தெரிந்துகொள்வது என்று நினைத்துவிட்டாள். சின்னப் பெண், அவளுக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்?

'காலைக் கூட்டத்தில் மாணவர்கள் ஏன் மயங்கி விழுகிறார்கள்?' என்று தலைப்பு எழுதி வழிகாட்டியான அறிவியல் மிஸ்ஸிடம் நீட்டினாள். மிஸ் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "தலைப்பு நல்லாயிருக்கும்மா. முடிவு மட்டும் யாருக்கும் கஷ்டம் இல்லாம வர்ற மாதிரி பாத்துக்கோ" என்றார்.

அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சந்தேகம் தினமும் கடைசி வரிசையில் நின்றாள். தலைமையாசிரியர் எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், வெயில் எந்த வரிசை வரைக்கும் வந்தது, யார் எப்போது விழுந்தார்கள் எல்லாம் குறித்தாள். மழை பெய்து கூட்டம் உள்ளே நடந்த நாளில், பேச்சு நீண்டாலும் யாரும் விழவில்லை. தூங்கத்தான் செய்தார்கள். தலைமையாசிரியர் வெளியூர் போய், துணைத் தலைமையாசிரியை அறிவிப்பை மட்டும் வாசித்துவிட்டு உள்ளே அனுப்பிய நாள்களிலும் யாரும் விழவில்லை. நல்ல வெயில், நல்ல பேச்சு, இரண்டும் சேர்ந்த நாளில் மட்டும் பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விழுந்தவர்களுக்காக வருத்தப்பட வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது.

கடைசியாக, விழுவதில் அனுபவசாலியைப் பேட்டி எடுக்க வேண்டாமா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த நிழலில் இருவரும் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்தார்கள்.

"விழறதுக்கு முன்னாடி என்னடி ஆகும்?"

"முதல்ல அவர் குரல் தூரமா போகும். அது நல்லாத்தான் இருக்கும். அப்புறம் காதுக்குள்ள வண்டு பறக்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் உன் மடிதான்."

"சாப்பிட்டுட்டுதானே வர்ற?"

தடால் பன்னில் இன்னொரு துண்டைப் பிய்த்தாள். "சில நாள் இல்லடி. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரில விடிகாலை ஷிப்ட். எழுந்து பாத்தா போயிருப்பாங்க. ரொட்டி வச்சிட்டுத்தான் போவாங்க, எனக்குத் தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்காது, டீயைக் குடிச்சிட்டு ஓடி வந்துடுவேன். ஆனா சாப்பிட்ட நாளும்தான் விழறேன். இதை யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மாவைத் தப்பா நினைப்பாங்க."

"ச்சே, நான் சொல்வேனா?"

சொல்லத்தான் இல்லை, எழுதிவிட்டாள். ஆராய்ச்சி என்றால் எதையும் மறைக்கக் கூடாதே! பெயரைப் போடவில்லை, 'அடிக்கடி பலத்த சத்தத்துடன் விழும் ஒரு மாணவி' என்று மட்டும் எழுதினாள். அந்த மாணவி சாப்பிட்ட நாளிலும் விழுகிறாள், சாப்பிடாத நாளிலும் விழுகிறாள், ஆகவே சாப்பாடு காரணமில்லை என்றும் தெளிவாக எழுதினாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

கட்டுரை ஆய்வுக் குழுவின் மேசைக்குப் போனது. தலைமையாசிரியரும் மொழி ஆசிரியரும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்க, சந்தேகம் எதிரே நின்றாள். முதலில் அவர்கள் எடுத்தது நன்றியுரைப் பக்கத்தை. பள்ளியில் எந்தக் கட்டுரையிலும் கடைசி வரைக்கும் வாசிக்கப்படும் பக்கம் அது ஒன்றுதான்.

"எனக்கு 'மனமார்ந்த நன்றி'ன்னு போட்டிருக்க" என்றார் தலைமையாசிரியர். "சாருக்கு 'நெஞ்சார்ந்த நன்றி'. இதுல எது பெரிசு?"

"ஐயா, மனம்ங்கறது உள்ள இருக்கறது" என்றார் மொழி ஆசிரியர்.

"நெஞ்சு மட்டும் வெளியிலயா இருக்கு?"

மொழி ஆசிரியருக்கு வியர்த்துவிட்டது. சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். ரொம்ப நேரம் விவாதித்து, தலைமையாசிரியருக்கு மனமும் நெஞ்சும் இரண்டுமே ஆர்ந்த நன்றி என்றும், மொழி ஆசிரியருக்கு வெறும் நன்றி என்றும் முடிவாயிற்று. அப்புறம்தான் கட்டுரையின் முடிவுரையைப் புரட்டினார்கள். 'நீண்ட உரையின்போது மாணவர்கள் வெயிலில் நிறுத்தப்படுவதே காரணம்' என்று அதில் இருந்தது.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. சிரித்தார். கோபப்பட்டிருந்தால் அவள் தாக்குப்பிடித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

"நல்ல பொண்ணு. கஷ்டப்பட்டு உழைச்சிருக்க. ஆனா பாரு கண்ணு, ஒரு சொல் குழம்பிடுச்சு. என் உரை நீளம்னு எழுதியிருக்க. நீளம் வேற, ஆழம் வேற. கரையில நிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நானே சில நாள் பேசும்போது பாத்திருக்கேன், எதிர்ல நிக்கற பிள்ளைங்க கண்ணு அப்படியே சொக்கிப்போயிடும். நீ அதை மயக்கம்னு எழுதிட்ட. நான் அதை ஈடுபாடுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"எல்லாரும் செய்யற தப்புதாங்கய்யா, திருத்திடலாம்" என்று மொழி ஆசிரியர் பேனாவைத் திறந்தார். 'நீண்ட உரை' என்பது 'ஆழமான உரை' ஆயிற்று. 'வெயிலில் நிறுத்தப்படுவது' என்பது 'இயற்கையோடு இணைந்திருப்பது' ஆயிற்று. 'காரணம்' என்ற சொல்லையே வட்டம் போட்டு எடுத்துவிட்டார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "இப்படி மாத்திட்டா, பிள்ளைங்க ஏன்தான் விழறாங்கன்னு கட்டுரையில இருக்காதே?"

"அதானே!" என்றார் தலைமையாசிரியர். "காரணம் இல்லாம ஒரு ஆராய்ச்சியா?" பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. "இந்தா இருக்கே! இந்தப் பொண்ணு சாப்பிடாம வருதாமே. கண்டுபிடிச்சதை நடுவுல ஒளிச்சு வச்சிட்டு முடிவுல என்னமோ எழுதியிருக்கியே."

"சார், அவ சாப்பிட்ட நாள்லயும் விழறா..."

"அது சாக்கு" என்றார் மொழி ஆசிரியர்.

தலைமையாசிரியர் கட்டுரையை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். "உன்னை யாரும் கட்டாயப்படுத்தலம்மா. ஆராய்ச்சின்னாலே சுதந்திரம்தான். உன் முடிவுதான் சரின்னு பட்டா வச்சுக்கோ. அடுத்த வருஷமும் இதே வகுப்புல உக்காந்து இன்னும் நல்லா ஆராயலாம். உங்க அம்மாகிட்ட நானே பேசறேன்."

அம்மா மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். பெண் படித்து முடிக்கும் நாளுக்காக வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறவள். சந்தேகம் கட்டுரையைத் திரும்ப அவர்கள் பக்கமே நகர்த்தினாள். "சரி சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வாழ்க்கையில் முதன்முதலாக அவள் கேள்வி கேட்காமல் ஒன்றை ஒப்புக்கொண்டாள், அதுவும் எதை!

'சாப்பிடாமல் வருவதே காரணம்' என்று மாற்றி எழுதிய கட்டுரைக்கு முதல் பரிசு. தலைமையாசிரியர் அதைக் காலைக் கூட்டத்தில் முழுசாக வாசித்து, ஒவ்வொரு பத்திக்கும் விளக்கமும் சொன்னார். அன்றைக்கு விழுந்த பிள்ளைகளைத் தூக்கிப்போக ஆள் பற்றவில்லை. "பாத்தீங்களா, கட்டுரை எவ்வளவு உண்மை!" என்றார் அவர். வீட்டில் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடையில் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம், "சாப்பிட்டுட்டுப் போடுங்க, வெறும் வயித்துல இருந்தா என்ன ஆகும்னு என் பொண்ணே ஆராய்ச்சி பண்ணியிருக்கா" என்று சேர்த்துச் சொன்னாள்.

அப்புறம் திட்டம் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே பள்ளிக்குள் அனுமதி. உடற்பயிற்சி ஆசிரியர் டார்ச்சோடு வாசலில் நின்று பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லிடுக்கில் ஆதாரம் தேடினார். சாப்பிட்டுவிட்டு ஒழுங்காக வாய் கொப்பளித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். விஷயம் தெரிந்தவர்கள் வழியில் நாலு பிஸ்கட்டை நொறுக்கிப் பல்லில் அப்பிக்கொண்டு சட்டைக் காலரிலும் கொஞ்சம் தூவிக்கொண்டு வந்தார்கள். மற்றபடி கூட்டம், வெயில், பேச்சு எல்லாம் வழக்கம்போல நடந்தன. விழுவதும்தான்.

பலத்த சத்தத்துடன் விழும் மாணவி யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் ஆளா வேண்டும்? தடாலின் அம்மாவை வரச்சொல்லி ஆள் போனது. லாண்டரி உடையோடு, சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கைகளோடு அந்த அம்மா வந்து நின்றாள். பெற்ற பிள்ளைக்கு ஒருவாய் கொடுக்க நேரமில்லாத வேலை என்ன வேலை என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார். பிறகு பெருந்தன்மையோடு தண்டனை எதுவும் இல்லை என்றார். தினமும் காலைக் கூட்டத்துக்கு வந்து, மைக்கில் "என் மகள் சாப்பிட்டாள்" என்று சாட்சி சொல்லிவிட்டுக் கூட்டம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனால் போதுமாம்.

கூட்டம் எப்போது முடியும் என்று தெய்வத்துக்கே தெரியாது. அந்த அம்மா தினமும் ஷிப்டைப் பாதியில் விட்டு ஓடிவந்தாள். "இன்னும் இந்த மாசம் வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று லாண்டரி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

"என் மகள் சாப்பிட்டாள்" என்ற குரல் மைக்கில் வரும்போதெல்லாம் சந்தேகம் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பாள். தோழி வந்து திட்டுவாள், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தாள். அவள் திட்டினால்தானே!

"நீ என்னடி பண்ணுவ, பேர்கூடப் போடல, அவங்களாத்தானே கண்டுபிடிச்சாங்க" என்றாள் தடால் ஒருநாள். "அதோட, நீ இவ்ளோ நாள் கடிகாரம் கட்டிக்கிட்டு நின்னு ஆராய்ச்சி பண்ணியிருக்க. நிஜமாவே சாப்பாடுதான் காரணமா இருக்கும். நான்தான் தெரியாம, சாப்பிட்டாலும் விழறேன்னு உளறிட்டேன் போல. அம்மாகிட்டயும் அதான் சொன்னேன். ராத்திரியெல்லாம் அழுதாங்க."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடச் சந்தேகம் தாங்கியிருப்பாள். தன் உடம்புக்குத் தெரிந்ததைவிடத் தன் தோழி எழுதியதை நம்புகிறாளே பாவி! அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு வந்தாள். வாசலில் திருப்பி அனுப்பினார்கள், அதுகூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் மொழி ஆசிரியரைத் தேடிப் போனாள். "சார், அந்தக் கட்டுரை தப்பு சார். நான் மன்னிப்புக் கேக்கணும்."

அவர் பதறவில்லை. "வருத்தம் வேற, மன்னிப்பு வேற, எல்லாரும் குழப்பிக்கறது இது. வருத்தம்ங்கறது உனக்குள்ள இருக்கறது, அதுக்கு அனுமதி தேவையில்ல, எவ்வளவு வேணும்னாலும் பட்டுக்கலாம். மன்னிப்புக் கேட்டா கட்டுரை தப்புன்னு ஆகும். கட்டுரை தப்புன்னா அதைத் திருத்தின நான்..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். சட்டையின் சிவப்பு வட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு, "வகுப்புக்கு நேரமாச்சு, போம்மா" என்றார்.

இப்படியிருக்கும்போது கல்வி அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. திட்டத்தைப் பாராட்டி, கட்டுரை எழுதியவளுக்குக் கேடயம் தரப்போகிறார். பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். பிள்ளைகளை இருட்டு விலகும் முன்பே வரச்சொன்னார்கள். அவசரத்தில் பாதிப் பேர் சாப்பிடாமலே வந்தார்கள், அன்றைக்கு மட்டும் வாசலில் சோதனை கிடையாது.

விழாவின் முதல் நிகழ்ச்சி, மாதிரிக் காலை உணவு. மேடை நடுவில் மேசை போட்டு, தடாலை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவள் அம்மாவை நிறுத்தினார்கள். ரொட்டி, முட்டை, வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். பள்ளிக்கூடமே எச்சில் விழுங்கிக்கொண்டு பார்க்க, தடால் கூச்சத்தோடு எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள். அதிகாரி எட்டித் தட்டைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். "என் மகள் சாப்பிட்டாள்" என்றாள் அம்மா. பிறகு தடாலை இறக்கி, முதல் வரிசையில் வெயிலில் நிறுத்தினார்கள்.

தலைமையாசிரியர் பேசினார். அதை இங்கே எழுதினால் கதை முடியாது. அதற்கப்புறம் கேடயத்தைக் கொடுத்து, ஏற்புரைக்குச் சந்தேகத்தை அழைத்தார்கள். ஏற்புரையை மொழி ஆசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் அதை நாலாக மடித்துக் கைக்குள் அடக்கிக்கொண்டாள்.

"நான் எழுதினது பொய்" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது ஆளைச் சுருக்கமாகப் பேச விடாது. அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடிகாரம் கட்டியதைச் சொன்னாள், மழை நாளைச் சொன்னாள், மனமார்ந்த நன்றிக்கும் நெஞ்சார்ந்த நன்றிக்கும் நடந்த சண்டையைச் சொன்னாள். தோழி நம்பிச் சொன்னதை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாவிடம் கேட்டாள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் கேட்டாள். மருந்துக் கடைக்கு வந்தவர்களிடமும் கேட்டாள். அழுதாள், மூக்கைத் துடைத்தாள், விட்ட இடம் மறந்து முன்னாலிருந்து மறுபடி சொன்னாள். தலைமையாசிரியர் முதலில் திடுக்கிட்டாலும், பேச்சு நீண்டுகொண்டே போனதைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தார். மொழி ஆசிரியர் தூங்கிவிட்டார். மேடையில் நிழல் சுகமாக இருந்தது. மைதானத்தில் வெயில் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருந்தது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"கடைசியா ஒண்ணு சொல்லிக்கறேன்" என்று அவள் ஐந்தாவது முறையாகச் சொல்லும்போது அந்தச் சத்தம் கேட்டது.

தடால்!

எல்லார் கண்ணும் விழுந்தவளைப் பார்த்தன. அப்புறம் மேடையில் இன்னும் எடுக்காமலிருந்த காலித் தட்டைப் பார்த்தன. அப்புறம் மைக் முன்னால் நின்றவளைப் பார்த்தன. சந்தேகத்துக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று அவளையே விழ வைத்துவிட்டாளே!

தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா! அளவுக்கு மேல சாப்பிட்டா என்ன ஆகும்னு! அடுத்த ஆண்டு ஆய்வுக்கு இதுவே..."

கல்வி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். அவருக்கு அடுத்த பள்ளியில் பேச்சு இருந்தது. படி இறங்கும்போது தடாலின் அம்மா அவரைத் தாண்டி மகளிடம் ஓடினாள். "இந்தம்மா எதுக்கு இங்க நிக்கறாங்க?" என்று கேட்டார்.

"தினமும் சாட்சி சொல்ல, சார்" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"ஏம்மா, உங்களுக்கு வேலை எதுவும் இல்லையா?"

"இருக்கு சார். இப்போதைக்கு இருக்கு" என்றாள் அவள், மகளைத் தூக்கிக்கொண்டே.

"நாளைலேர்ந்து வர வேணாம். வேலைக்குப் போங்க" என்றார் அதிகாரி. அந்த மைதானத்தில் அதுவரை பேசப்பட்டதிலேயே சின்னப் பேச்சு அதுதான். சொல்லிவிட்டு அவர் வண்டியேறிப் போய்விட்டார், தலைமையாசிரியர் தொடர்ந்து பேசினார்.

சந்தேகம் கேடயத்தை மேடையிலேயே போட்டுவிட்டுக் குதித்து ஓடினாள். வகுப்பறைச் சுவரோரம் நிழலில் தடால் அம்மா மடியில் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரக் கைக்குட்டை. சந்தேகம் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் தடால் கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"ம்."

"என்னடி பேசின? எனக்குப் பாதிக்கு மேல ஒண்ணுமே ஏறல."

சந்தேகம் அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தாள். "சாப்பாடு காரணமே இல்லடி. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சுதான் பொய்யா எழுதினேன், ஃபெயிலாக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

அம்மாவின் கை மகளின் நெற்றியில் அப்படியே நின்றது. தடாலின் கண் ஓரமாக ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போயிற்று.

"இவ்ளோதானா?" என்றாள். "இதைச் சொல்லவா இவ்ளோ நாள், இவ்ளோ நேரம்?"